நெருப்பு வராத கடைசிப் பாட்டு

ஞாயிறு, மதியம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுகிறேன். நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் 'சூப்பரா இருக்கேன்' என்பாய். ஏழு மாதமாக அதையேதான் அனுப்பிக்கொண்டிருக்கிறாய். எனக்கு அலுத்துவிட்டது.

முதலில் ஒன்று. இந்தக் கடிதம் துணி நாடாக் கட்டின் நடுவில் சுருண்டு கிடந்திருக்கும். இப்போது நீ தனியாகத்தானே இருக்கிறாய்? பக்கத்தில் யாராவது இருந்தால் சட்டைக்குள் போட்டுக்கொள், அப்புறம் படி. உனக்கு வரும் பார்சலை உங்கள் ஆபீஸில் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். செல்போனில் எழுதியிருக்கலாமே என்பாய். அந்த போனை உனக்கு வாங்கிக் கொடுத்தது யார்? கம்பெனி. அவர்கள் கொடுத்த போனில் அவர்களைப் பற்றி எழுத நான் ஒன்றும் லூசு இல்லை.

வீட்டுச் செய்தி கொஞ்சம். அம்மா அதே கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறாள். டாக்டரைவிட அவளுக்குத்தான் நோயாளிகள் பயப்படுகிறார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி. ஊரில் உள்ள லிஃப்ட்டையெல்லாம் ஓட வைக்கிற மனுஷன், நம் வீட்டு மூன்று மாடியைப் படியேறித்தான் வருகிறார். கட்டடச் சொந்தக்காரன் இன்னும் லிஃப்ட் போடவில்லை. வாடகையை மட்டும் தவறாமல் ஏற்றுகிறான்.

எங்கள் தையல் யூனிட்டில் புதுச் சட்டம். பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் அட்டை வாங்க வேண்டும். முப்பத்தெட்டுப் பெண்களுக்கு இரண்டே அட்டை. ஒரு நாள் பொறுக்காமல் அந்த அட்டைக்கு அழகாகக் காலர் வைத்துத் தைத்துத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாளே என்னைப் பொத்தான் பிரிவுக்குத் தள்ளிவிட்டாள். பரவாயில்லை. லைனே சிரித்தது.

பாட்டுக் கச்சேரி மேடையில் நீ கேபிள் கட்டக் கேட்கும் நாடாக்களை அந்த யூனிட்டின் வெட்டுத் துணியிலிருந்துதான் கிழித்து அனுப்புகிறேன் என்று உனக்குத் தெரியும். கம்பெனி கொடுக்கும் பிளாஸ்டிக் கட்டு ஒயரை அறுக்கிறது, துணிதான் சரி என்று வேலையில் சேர்ந்த முதல் மாதம் நீ எழுதினாய். போன மாதம் அனுப்பியது ரோஸ் நிறக் கட்டம் போட்டது. பள்ளிச் சீருடை ஆர்டர். அந்தத் துணி அதற்கு முன் எங்கள் யூனிட்டுக்கு வந்ததே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள். பிறகு வருகிறது.

சந்தேகக் கதைக்கு வருகிறேன்.

ஏழு மாதத்துக்கு முன்புவரை ஞாயிற்றுக்கிழமை ஆனால் போன் அடிக்கும். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவாள். திடீரென்று போன் நின்றது. வெறும் எழுத்துச் செய்தி மட்டும். முதலில் பஸ்ஸில் இரைச்சல் என்றாய். பிறகு மைக் கெட்டுவிட்டது என்றாய். பிறகு சுற்றுப்பயணத்தில் போன் பேசக் கூடாது என்று விதி என்றாய். தொண்டை கட்டியிருக்கிறது என்று மூன்று வாரம் ஓட்டினாய். மேடையில் கத்துவது அவர்கள், தொண்டை கட்டுவது உனக்கா? ஒரே நாளில் பதினோரு முறை கூப்பிட்டுப் பார்த்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வீட்டில் ஆளுக்கு ஒரு சந்தேகம். அம்மா சொன்னாள்: "எவளோ பக்கத்துல இருக்கா. அதான் வாயத் தொறக்க மாட்டேங்குறான்." அப்பா சொன்னார்: "ஏதோ கேஸ்ல மாட்டியிருப்பான். உள்ள இருக்கறவனுக்கு மெசேஜ் அனுப்ப மட்டும்தான் விடுவாங்க போல." எந்த ஜெயிலில் அப்படி விடுகிறார்கள் என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு வேறு பயம். போன் வேறு யாரிடமோ இருக்கிறது, நீ அனுப்புவதாக வேறு எவனோ அனுப்புகிறான் என்று. அதனால்தான் ஒரு நாள், சின்ன வயதில் இஸ்திரிக் கடை நாய்க்கு நாம் வைத்த பெயர் என்ன என்று கேட்டேன். சரியாகச் சொன்னாய். ஆள் நீதான். அப்படியானால் வாய் ஏன் பேசவில்லை? என் சந்தேகம் குறையவில்லை, இடம் மாறியது.

இந்த நிலையில்தான் பஸ் நிறுத்தத்தில் அந்தக் கறுப்புப் போஸ்டர் ஒட்டினார்கள். உன் பேண்டு. நீ வேலை செய்யும் அதே பேண்டு. ஊருக்கு வெளியே பழைய கல்குவாரியை அரைவட்டமாகப் படி வெட்டித் திறந்தவெளி அரங்கு ஆக்கியிருக்கிறார்களே, அங்கே. நம் நிறுத்தத்திலிருந்து பதினோராவது நிறுத்தம். உடனே உனக்கு அனுப்பினேன். நீ எப்போதும் ஒரு மணி நேரத்தில் பதில் போடுகிறவன். இரண்டு நாள் கழித்து வந்தது: 'அடுத்த ஊர்ல மேடை போட என்ன முன்னாடியே அனுப்பிட்டாங்க. வர முடியாது. சாரி.'

அம்மா அதைப் படித்தாள். உனக்கென்று துவைத்துப் போட்ட போர்வையை மடித்து அலமாரிக்குள் வைத்தாள். அப்பா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டிக்கெட் கிடைக்குமா?" என்றார். "எதுக்குப்பா?" என்றேன். "எவன் என்ன வேலை பார்க்குறான்னு நேர்ல பார்த்தா தெரிஞ்சுடும்" என்றார். இருபது வருஷமாக மெஷினைத் திறந்து பார்த்தே பழகிவிட்ட மனுஷன்.

ஆக, எட்டு நாளைக்கு முன், சனிக்கிழமை, நானும் அப்பாவும் ஆல்டர்நேட்டிவ் மெட்டல் பாட்டு கேட்கப் போனோம். சிரிக்காதே.

அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. சுற்றிலும் ஆயிரக்கணக்கில் கறுப்பு டி-ஷர்ட். தூரத்திலிருந்து பார்த்தால் அப்பாதான் ஏதோ வாக்குச்சாவடி அதிகாரி மாதிரி இருந்தார். வாசலில் சோதனை போட்டவன் அவர் சட்டைப்பையில் இருந்த டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கிக்கொண்டான். "ஆயுதம் உள்ள கொண்டு போகக் கூடாது பெருசு" என்றான். "இது ஆயுதம்னா உன் கையில இருக்குற தடி என்ன, பல் குத்துறதா?" என்று அப்பா கேட்டார். பின்னால் வரிசையில் நின்ற பையன்கள் விசில் அடித்தார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் சாமான் வண்டி நிற்கும் பின்பக்க கேட்டில் வாங்கிக்கொள்ளச் சொன்னான். அந்த ஸ்க்ரூடிரைவர்தான் எங்களுக்கு எல்லாக் கதவையும் திறந்துவிட்டது. அதையும் சொல்கிறேன்.

எங்களுடையது கடைசிப் படி. பகல் முழுக்கக் காய்ந்த கல். உட்கார முடியவில்லை. அங்கிருந்து மேடை உள்ளங்கை அகலம். கீழே மேடைக்கு முன்னால் நிழல்பந்தல் போட்டு மெத்தை நாற்காலிகள். அங்கே குளிர்ந்த துண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர்க் குழாய் ஒன்று, அதிலும் காற்றுதான் வந்தது.

எங்கள் பக்கத்தில் புருவத்தில் வளையம் குத்திய ஒரு பெண், காலேஜ் படிப்பவள். அப்பாவைப் பார்த்ததும் பையிலிருந்து இரண்டு சின்ன மஞ்சள் பஞ்சு உருண்டைகளை எடுத்து நீட்டினாள். "அங்கிள், காதுல வச்சுக்கோங்க. இல்லன்னா மூணு நாள் உள்ள ங்ஙொய்னு இருக்கும்." அப்பா அதை முகர்ந்து பார்த்தார். "என்ன மருந்துமா இது?" என்றார். "மருந்தெல்லாம் இல்ல அங்கிள், வெறும் பஞ்சு" என்றாள். அப்பா நம்பவில்லை. நான் என் காதில் வைத்துக் காட்டிய பிறகுதான் வாங்கி வைத்துக்கொண்டார்.

நிகழ்ச்சி தொடங்க நேரம் இருந்தது. நான் உன்னைத் தேட இறங்கினேன். நீ எப்போதும் மேடைக்கு இடப்பக்கம் என்று சொல்லியிருக்கிறாயே, அங்கே. கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் உன் வேலையைக் குள்ளமாக ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். வேலியில் வரிசையாகக் கேபிள் சுருள்கள் தொங்கின. அண்ணா, ஒவ்வொரு சுருளும் ரோஸ் கட்டத் துணியால் கட்டியிருந்தது.

நான் கிழித்த துணி. ஓரம் பிசிறாமல் இருக்க நான் ஓட்டிய தையல் ஓரம். அதுவும் நீ போடுகிற அந்த இடக்கை முடிச்சு, ஒரு இழு இழுத்தால் அவிழுமே, அது. போன மாதம்தான் அனுப்பினேன். அப்படியானால் அந்தக் கேபிளை இந்த மாதம் உன் கை தொட்டிருக்கிறது.

நான் என்ன நினைப்பேன்? ஆள் இங்கேதான் இருக்கிறான், வீட்டுக்கு வரப் பிடிக்காமல் ஒளிந்துகொண்டு பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். மூச்சிறைக்க மேலே ஏறி அப்பாவிடம் சொன்னேன். அவர் முகம் கறுத்தது. "பதினோரு ஸ்டாப். பதினோரு ஸ்டாப் வர முடியலையா அவனுக்கு? பெத்தவங்க மூஞ்சியப் பார்க்கக் கசக்குதா?" என்றார். அதன்பிறகு நிகழ்ச்சி முழுக்க நாங்கள் இருவரும் பாட்டைப் பார்க்கவில்லை. மேடை ஓரத்தில் நடமாடும் ஒவ்வொரு கறுப்புச் சட்டையையும் திருடனைத் தேடுவது போலத் தேடினோம்.

உண்மையைச் சொல்கிறேன். பாட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. கிட்டார் தாழ உறுமுகிறது. கல்படி அதிர்ந்து அது முதுகுத்தண்டில் ஏறுகிறது. சட்டென்று எல்லாம் அடங்கி, பாடகன் காதோடு ரகசியம் சொல்வது மாதிரி நாலு வரி பாடுகிறான். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல். குவாரிச் சுவரில் மோதி அது நம் மேலேயே திரும்பி விழுகிறது. முதல் கத்தலுக்கு அப்பா என் பக்கம் சாய்ந்து, "பாவம், இவனுக்கு யாரு என்ன பண்ணாங்க?" என்றார். எனக்கு அந்தக் கத்தல் புரிந்தது. அட்டை வாங்கிக்கொண்டு பாத்ரூம் போகிற எவளுக்கும் புரியும். மூன்றாவது பாட்டில் நானும் கையைத் தூக்கிக் கத்தினேன். அப்பா பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

நடுவில் பாடகன் பாட்டை நிறுத்திவிட்டுப் பேசினான். மேடைக்குப் பின்னால் வேலை செய்கிற ஒவ்வொருவரும் தங்கள் குடும்பம் என்றான். கூட்டம் ஆர்ப்பரித்தது. குடும்பம் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் முதலாளியும் போனஸ் கிடையாது என்று சொல்லப் போகிற நாளில்தான் எங்களைக் குடும்பம் என்பார்.

கடைசிப் பாட்டு வந்தது. அதைப் பற்றி நீ எத்தனை முறை எழுதியிருக்கிறாய்! டிரம்மர் எழுந்து நிற்பான், நாலு எண்ணுவான், 'டமால்'னு வெடியோட மூணு மாடி உயரத்துக்கு நெருப்பு கிளம்பும், அந்தச் சூடு கடைசிப் படிவரைக்கும் வரும் என்று. போன மாதம்கூட எழுதினாயே, 'நேத்து நெருப்பு செம, ஜனம் மெரண்டு போச்சு'ன்னு. நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். டிரம்மர் எழுந்தான். நாலு எண்ணினான்.

ஒன்றும் வரவில்லை. பாட்டு மட்டும் வந்தது.

அந்தப் புருவ வளையப் பெண்ணின் காதருகே போய், நெருப்பு எங்கே என்று கேட்டேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். "அது ஏழு மாசமாவே இல்லக்கா. ஒத்திகையில ஏதோ வெடிச்சு ஒருத்தருக்கு அடிபட்டுச்சாம். கம்பெனி மூச்சே விடல. ரசிகர் குரூப்புலதான் பேசிக்கிட்டாங்க."

ஏழு மாதம் என்று அவள் சொன்னதும் என் கை தானாக அப்பாவின் கையை விட்டது. நான் மனதுக்குள் எண்ண வேண்டிய தேவைகூட இல்லை. அப்பாவிடம் அப்போது சொல்லவில்லை. பஞ்சு வைத்திருந்ததால் அவருக்கும் கேட்டிருக்காது என்று நினைத்தேன்.

பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் வழக்குப் போட்டிருப்பதால் அங்கே இருட்டுமுன் முடித்துவிட வேண்டுமாம். வெளிச்சம் இருக்கும்போதே கூட்டம் கலைந்தது. ஸ்க்ரூடிரைவர் வாங்கும் சாக்கில் நாங்கள் பின்பக்க கேட்டுக்குப் போனோம். காவல்காரன் எங்களை உள்ளே விட்டுவிட்டு டப்பாவைத் துழாவிக்கொண்டிருந்தான். மூன்று லாரி நின்றது. பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் மற்றவர்களைவிட ஒரு தலை உயரம். நீ அனுப்பிய போட்டோவில் உன் தோளில் கைபோட்டிருப்பவன். ஒட்டகம் என்று நீ பட்டப்பெயர் வைத்து எழுதுவாயே, அவன்.

நான் வேலியிலிருந்து உருவிய ரோஸ் நாடாவை அவன் முன்னால் நீட்டினேன். "இத முடிச்சுப் போட்டவன் எங்க?" என்றேன். அவன் நாடாவைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். நமக்கு ஒரே மூக்கு, தப்பிக்க முடியாது. அப்படியே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான். "தங்கச்சி, எனக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாரும் பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருக்கோம். என்னக் கேட்காதீங்க" என்றான். என்ன பேப்பர் என்று நான் குரலை உயர்த்தினேன். அவன் கையெடுத்துக் கும்பிடாத குறை.

அப்பா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. காதிலிருந்த பஞ்சை எடுத்தார். ஒரு மெஷின் ஏன் நின்றது என்று கேட்பது போல மெதுவாகக் கேட்டார்: "வெடிச்சப்போ அவன் எந்தப் பக்கம் நின்னான்?"

அப்பாவும் அதைக் கணக்குப் போட்டிருக்கிறார், அண்ணா. எப்போது என்று எனக்குத் தெரியாது. நெருப்பு வராத அந்த நிமிடத்திலேயே என்று நினைக்கிறேன்.

ஒட்டகம் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். நீ நெருப்புக் கிளம்பும் குழாய்க்குப் பக்கத்தில் குத்தவைத்து ஒயர் கட்டிக்கொண்டிருந்தாய். ஆள் இருக்கிறான் என்று யாரும் சைகை காட்டவில்லை. சூப்பர்வைசர் 'லேட்டாச்சு, லேட்டாச்சு' என்று பறந்துகொண்டிருந்தான். எவனோ பொத்தானை அழுத்திவிட்டான். காதுக்கு மாட்டும் கவசம் கேட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பதால் உங்களில் யாருமே மாட்டுவதில்லை. இடக்காது முழுசாகப் போய்விட்டது. வலக்காதில் முணுமுணுப்பு அளவுக்கு மட்டும் கேட்கிறது. கம்பெனி டாக்டர், வெளியே மூச்சு விடக் கூடாது என்று கம்பெனி பேப்பர், அப்புறம் குடோன் வேலை. சுற்றுப்பயணம் கிளம்பும் ஒவ்வொரு லாரிக்கும் கேபிளைச் சோதித்துச் சுற்றிக் கட்டி அனுப்புவது நீதான். "சுருளு கட்டின ஒயர் ஒண்ணுகூடச் சிக்காது தங்கச்சி" என்று அதைப் பெருமையாக வேறு சொன்னான். உன்னை அங்கே சுருள் என்றுதான் கூப்பிடுவார்களாம். கூப்பிட்டால் இப்போது நீ திரும்புவதில்லை, தோளைத் தொட வேண்டுமாம்.

போனில் ஏன் பேசவில்லை என்று கேட்டேன். உன் குரல் உனக்கே கேட்காததால் கத்துவது போல வருகிறதாம். 'எங்கம்மா ஒரு வார்த்தையிலே கண்டுபிடிச்சிடுவாங்க' என்று எழுதிக் காட்டினாயாம்.

நெருப்பைப் பற்றி ஏன் எழுதினான் என்றும் கேட்டேன். அதற்குத்தான் அவன் அழுதுவிட்டான். ஊர் ஊராகப் போய் வந்தபின், நிகழ்ச்சி எப்படி இருந்தது என்று நீ அவர்களிடம் எழுதிக் கேட்பாயாம். எங்களுக்கு எழுதுவதற்காக. அவர்களும் சொல்வார்கள். ஆனால் அந்த வெடியை நிறுத்திவிட்டார்கள் என்று மட்டும் உன்னிடம் சொல்ல எவனுக்கும் வாய் வரவில்லை. 'நெருப்பு எப்படி?' என்று நீ கேட்கும்போதெல்லாம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள்.

ஒட்டகத்தின் மேல் எனக்குப் பரிதாபம் வந்தது. அதற்காக அவனை நான் முழுசாக நம்பிவிடவில்லை. ஏழு மாதம் வாய் மூடியிருந்தவன் நாளைக்கு மறுபடி மூட மாட்டான் என்று என்ன நிச்சயம்? ஆனால் போகும்முன் அவனாகவே ஒன்று சொன்னான். பார்சல் பிரிக்கிறார்கள், ஏதாவது எழுதுவதானால் துணிக்கு நடுவில் வையுங்கள், துணியை மட்டும் எவனும் பிரிப்பதில்லை என்றான். இன்னொன்றும் சொன்னான். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

அடுத்த மாதம் உன்னிடம் இரண்டாவது பேப்பர் கொண்டு வருவார்கள். உனக்குச் சிறு வயதிலிருந்தே காது மந்தம், அதை மறைத்து வேலைக்குச் சேர்ந்தாய், இப்போது நீயாகவே விலகுகிறாய் என்று எழுதியிருக்கும். கையில் கொஞ்சம் பணம் வைப்பார்கள். முதுகில் தட்டுவார்கள். குடும்பம் என்பார்கள்.

கையெழுத்துப் போடாதே.

இதைக் கேட்டபோதுதான் அப்பாவுக்குக் கோபம் வந்தது. பதினாறு வயதில் அவரோடு நீ வேலைக்குப் போனபோது, லிஃப்ட் இழுகம்பியின் சத்தத்தை வைத்தே எந்த மாடியில் உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்வாயாமே. "அவன் காது மந்தம்னா உலகத்துல எவனுக்கும் காதே இல்ல" என்று அந்த லாரி நடுவில் நின்று சத்தம் போட்டார். காவல்காரன் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து, சீக்கிரம் கிளம்பச் சொல்லி அனுப்பிவிட்டான்.

நான் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து அலமாரியைக் குடைந்தேன். நீ வேலையில் சேரும்போது அவர்களே எடுத்த மருத்துவப் பரிசோதனைத் தாள் கிடைத்தது. 'இரு காதுகளும் இயல்பான கேட்கும் திறன்'. கீழே அவர்கள் டாக்டர் கையெழுத்து, அவர்கள் முத்திரை. நான்கு பிரதி எடுத்துவிட்டேன். ஒன்று எங்கள் யூனிட் சங்க அக்காவிடம் இருக்கிறது. அவளுக்கு ஒரு வக்கீலைத் தெரியும், காசு பிடுங்காத ஆளாம். அதையும் விசாரிக்காமல் நம்ப மாட்டேன். அசலை உனக்கு அனுப்பவில்லை. பார்சல் பிரிக்கிற கைகளை நான் நம்பவில்லை. முதல் பேப்பரின் பிரதி உன்னிடம் இருந்தால் உடம்போடு வைத்துக்கொள். பெட்டியில் வைக்காதே.

உன் மேலும் கோபம் இருக்கிறது. அதை எழுதாமல் விட மாட்டேன். நாங்கள் அழுவோம் என்று பயந்தாயா? அழுதோம்தான். அதற்காக ஏழு மாதம் எங்களை மூன்று விதமாகச் சந்தேகப்பட வைப்பாயா? அம்மா உன் பக்கத்தில் இருக்கிற எவளையோ தினமும் திட்டிக்கொண்டிருக்கிறாள். இல்லாத அந்தப் பெண்ணுக்காக நான் பரிதாபப்படுகிறேன். அம்மாவிடம் நாங்கள் இன்னும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நீ. நேரில் வந்து.

அப்பாவைப் பற்றி ஒன்று. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு முறை கூப்பிட்டேன், திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் திரும்பினார். அந்த மஞ்சள் பஞ்சு இரண்டு காதிலும் இருந்தது. எடுக்க மறந்திருந்ததாக நினைத்தேன். ஆனால் லாரிப் பக்கத்தில் அவர் அதை எடுத்ததை நான் பார்த்தேனே. அவராகத் திரும்ப வைத்திருக்கிறார். பதினோரு நிறுத்தமும் அப்படியே வந்தார். எதிரில் இருந்தவர்கள் பேசுவதையும், நடத்துனர் விசில் ஊதுவதையும், ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

திங்கட்கிழமையிலிருந்து வீட்டில் வேறு கூத்து. வாசல் காலிங்பெல்லைக் கழற்றிவிட்டார். சுவரெல்லாம் ஒயர். அம்மா கேட்டால் பெல் ரிப்பேர் என்கிறார். "நல்லா அடிச்சுக்கிட்டிருந்த பெல்லு எப்படி ரிப்பேர் ஆகும்? உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று அம்மா நாள் முழுக்கத் திட்டுகிறாள். அவர் அடுத்த ஒயரை எடுக்கிறார். ஏணியில் ஏறியபடியே இருக்கிறார், அந்த முழங்காலோடு.

பதில் எழுது. போனில் வேண்டாம், பேனாவில். உன் கையெழுத்தைப் பார்த்தால்தான் நம்புவேன். உன் குரலும் எனக்கு வேண்டும். கத்துவது போல வந்தால் கத்து. ஐயாயிரம் பேர் கைதட்டி ஒருத்தன் கத்துவதைக் கேட்கிறார்கள், உன்னுடையதை நாங்கள் மூன்று பேர் கேட்க மாட்டோமா?

நீ எந்தக் குறையும் இல்லாமல் வந்து சேர வேண்டும் என்று எழுத வந்தேன். அடித்துவிட்டேன். எப்படி இருக்கிறாயோ அப்படியே வந்து சேர்.

உன் முடிச்சை அவிழ்க்கத் தெரிந்த ஒரே தங்கை

(கீழே அப்பா எழுத இடம் கேட்டார். அவர் எழுதியதை நான் திருத்தவில்லை.)

தம்பி, எதுலயும் கையெழுத்து போடாத. வாசல்ல பட்டன அழுத்தினா சத்தத்துக்கு பதிலா பல்ப் எரியுற மாதிரி மாத்திட்டேன். மூணு பல்ப். ஹால்ல ஒண்ணு, சமையல்கட்டுல ஒண்ணு, உன் கட்டிலுக்கு நேரா ஒண்ணு. நீ உள்ள இருக்கும்போது யார் வந்தாலும் உனக்குத் தெரியும். வேலை சரியா செஞ்சிருக்கனான்னு நீ வந்துதான் பார்க்கணும்.
அப்பா